சாவடியும் முகாமும்: வாக்கில்லாதார் அரசியல் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

சாவடி என்னும் சொல் வழிப்போக்கர் தங்கிச் செல்லும் இடத்தைக் குறிக்கும். நடந்தும் வண்டி கட்டியும் மக்கள் பயணம் செய்த காலத்தில், வழியில் இருட்டிவிட்டவர்க்கும் மழையில் அகப்பட்டவர்க்கும் ஓரிரவு ஒதுங்க ஊரார் எழுப்பிவைத்த கூரையே சாவடி. இடையஞ்சாவடி, பெரிய முதலியார் சாவடி, சின்ன முதலியார் சாவடி என நம் பகுதி ஊர்ப்பெயர்களில் அச்சொல் இன்றும் நிலைத்திருக்கிறது. சாவடிக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. வந்தவரை இன்னார் என்று துருவிக் கேட்பதில்லை. வந்தவரும் அங்கேயே குடியிருந்து விடுவதில்லை.

நம் ஊரினின்று கிழக்கே இறங்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைந்து, மரக்காணத்து உப்பளங்களை நோக்கி வடக்கே சென்றால், புதுச்சேரிக்குரிய காலாப்பட்டைக் கடந்தபின் கீழ்புத்துப்பட்டு வரும். அவ்வூரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று உள்ளது. முகாம் என்பதும் சாவடியைப் போலவே தற்காலிகத் தங்கலைக் குறிக்கும் சொல்லாகும். ஆயின் தமிழகத்து முகாம்களில் பிறந்த குழந்தைகள் வளர்ந்து, மணம் புரிந்து, தாமும் மக்களைப் பெற்றுவிட்டனர். ஓரிரவுக்கென்று அமைந்த கூரையின் கீழ் மூன்று தலைமுறைகள் வாழ்கின்றன.

அகதிகளின் அரசியல் பங்கேற்பும் அரசு பற்றிய அவர்தம் பார்வையும் முனைவர் பட்ட ஆய்வுகளுக்குரிய பொருளாக இன்று அமைந்துள்ளன. ஆய்வேட்டின் எல்லைக்கு அப்பாலும் இப்பொருள் நம்மைத் தொடுகின்றது. வாக்கில்லாத மக்களுக்கு அரசியல் உண்டா? உண்டெனில் அது எவ்விடத்தில் நிகழ்கின்றது? நம் அண்டை ஊர் முகாமை மனத்திற்கொண்டு இவ்வினாக்களுக்கு வரலாற்றில் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாக்கு பறிபோன வரலாறு

அகதி நிலை குண்டு வீச்சிலும் தீ வைப்பிலும் தொடங்குவதாகவே நாம் எண்ணுகிறோம். இலங்கையின் மலையகத் தமிழரைப் பொறுத்தவரை அது ஒரு சட்டத்தில் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி, மதுரை முதலிய மாவட்டங்களினின்று காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் 1947ஆம் ஆண்டு நடைபெற்ற இலங்கைப் பொதுத்தேர்தலில் வாக்களித்தனர். அத்தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 இடங்களைப் பெற்றது. சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். வேறு சில தொகுதிகளிலும் தோட்டத் தொழிலாளரின் வாக்கு வெற்றி தோல்வியை முடிவு செய்யும் வலிமை பெற்றிருந்தது.

அவ்வலிமையே அவர்களுக்கு வினையாயிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையைக் குடிமக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1947இல் வாக்குச் சாவடிக்குச் சென்றவர்கள் 1952இல் வீட்டிலேயே இருக்க நேர்ந்தது. இக்கொடுமையைக் கண்டித்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசினின்று பிரிந்து 1949இல் இலங்கைத் தமிழரசுக் கட்சியை நிறுவினார்.

வாக்கற்ற மக்களைப் பற்றிய முடிவுகளை அவர்களைக் கேளாமல் எடுப்பது எளிது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட உடன்படிக்கை, நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டது. அவர்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் குறித்துப் பின்னர்ப் பேசிக்கொள்வது என்று பங்கிடப்பட்டது. எஞ்சியோரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மனிதரைத் தலை எண்ணிப் பாகம் பிரித்த இந்நிகழ்ச்சியில் அம்மனிதரின் வாக்கு எங்கும் கேட்கப்படவில்லை. குடியுரிமை பறிபோன பின்னரே அம்மக்களின் இருப்பிடம் பேரத்துக்கு உட்பட்டது என்னும் இவ்வரிசை முறையை நாம் மறத்தல் கூடாது.

கப்பலும் தோணியும்

உடன்படிக்கையின்படி இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றோர் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலில் வந்து சேர்ந்தனர். அவர்கள் 'தாயகம் திரும்பியோர்' எனப்பட்டனர். நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களை உருவாக்கி அவர்களுள் ஒரு பகுதியினர்க்கு வேலை அளித்தது. அவர்கள் வாழ்வு எளிதாக அமைந்தது எனக் கூற இயலாது. எனினும் அவர்கள் குடிமக்கள். வாக்காளர் பட்டியலில் அவர்தம் பெயர் ஏறியது. அவர்களைத் தேடி வேட்பாளர்கள் சென்றனர்.

1983 ஜூலையில் கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழர்மீது நிகழ்த்தப்பட்ட வன்கொடுமையைத் தொடர்ந்து வந்தவர்களின் நிலை வேறு. 1984இல் கப்பல் போக்குவரத்தும் நின்றுபோயிற்று. மன்னார்க் கரையினின்று மீன்பிடி படகுகளில் ஏறி வந்தவர்களை அரசு வெளிநாட்டவராகப் பதிவு செய்தது. முதல் அலை 1987 ஜூலை 29ஆம் நாள் கையெழுத்தான இந்திய–இலங்கை உடன்படிக்கை வரை நீடித்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது இரண்டாம் அலையும், தொண்ணூறுகளின் நடுவிலும் 2006க்குப் பின்னும் அடுத்த அலைகளும் வந்தன. மொத்தத்தில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழகக் கரையை அடைந்தனர் என்பது அரசின் கணக்கு.

இவர்களுள் யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, திருகோணமலை ஆகிய பகுதிகளைச் சேர்ந்த ஈழத்தமிழரும் இருந்தனர். கலவரங்களுக்கு அஞ்சி மலையகத்தை விட்டு வடக்கே குடியேறி, அங்கும் வாழ முடியாமல் வந்த மலையகத் தமிழரும் இருந்தனர். பின்னவர்க்கு மண்டபம் முகாம் ஒரு விந்தையான இடமாகும். ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் கூலியாட்களை நோய்த் தடுப்புக்காக அடைத்து வைத்த முகாமும் அதுவே. பாட்டனைப் பதிவு செய்து அனுப்பிய இடத்திலேயே பேரனைப் பதிவு செய்து ஏற்றனர். பாட்டன் பிரிட்டிஷ் குடியாகச் சென்றான். பேரன் அயல்நாட்டவனாகத் திரும்பினான். ஒரே வழிமரபில் வந்த இருவருள் கப்பலில் வந்தவர் குடிமகனாகவும், தோணியில் வந்தவர் அகதியாகவும் ஆன விந்தையை வரலாறு இவ்வாறு நிகழ்த்திக் காட்டியது.

பங்கேற்பு என்பது யாது?

அரசியல் பங்கேற்பை அளக்க முற்பட்ட அறிஞருள் சிட்னி வெர்பாவும் நார்மன் நையும் குறிப்பிடத்தக்கவர்கள். அமெரிக்க மக்களை ஆராய்ந்து 1972இல் அவர்கள் வெளியிட்ட நூல், பங்கேற்பை நான்கு வகையாகப் பகுத்தது: வாக்களித்தல், தேர்தல் பரப்புரையில் ஈடுபடல், பொதுச் சிக்கல்களுக்காக ஒன்றுகூடிச் செயற்படல், அதிகாரிகளையும் உறுப்பினர்களையும் தாமே அணுகுதல். முதல் இரண்டை மட்டும் கொண்டு அளந்தால் முகாம் மக்களின் அரசியல் வெறும் சுழியாகவே முடியும். பின்னிரண்டைக் கொண்டு நோக்கினால் காட்சி மாறுகின்றது.

குழாயில் நீர் வரவில்லை எனில் முகாமில் உள்ளவர் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுத வேண்டும். மகளைக் கல்லூரியில் சேர்க்கவும், வெளியூரில் நிகழும் துக்கத்துக்குச் சென்று வரவும், மணமான மகனுக்குத் தனிப் பதிவு பெறவும் மனுவே வழி. பல முகாம்களில் மக்கள் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தெரிந்து அவர் வழியே அதிகாரிகளிடம் பேசுகின்றனர். செல்வநாயகத்தின் மகன் எஸ். சி. சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம் மக்களைக் கொண்டே கல்வி, நலவாழ்வு, பதிவு ஆகிய பணிகளைச் செய்துவந்தது. குடிமக்களாகிய நம்முள் பலர் ஐந்தாண்டுக்கொரு முறை வாக்களித்துவிட்டு அரசை மறந்து வாழ இயலும். மனுவும் கூட்டமும் முகாமில் வாழ்பவர்க்கு அன்றாடத் தேவைகள். அவ்வகையில் அவர்கள் நம்மினும் மிகுதியான அரசியலையே நடத்துகின்றனர் எனலாம்.

மறுத்தலும் ஓர் அரசியற் செயலே. 1991 மே 21ஆம் நாள் திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலையுண்ட பின்னர்த் தமிழகத்தில் அகதிகள் மீதிருந்த பரிவு பெரிதும் வற்றிப்போயிற்று. கொலைக்கும் முகாமில் கஞ்சி காய்ச்சிக் கொண்டிருந்தவர்க்கும் தொடர்பில்லை எனினும் ஐயம் அனைவர்மீதும் படர்ந்தது. 1992 ஜனவரியில் அவர்களைத் திருப்பி அனுப்பும் பணி தொடங்கியது. விருப்பத்தின் பேரில் செல்வதாகக் கையெழுத்திட வேண்டிய படிவங்கள் ஆங்கிலத்தில் இருந்தன என்ற குறை எழுந்தது. பழ. நெடுமாறனும் திண்டிவனத்து மருத்துவர் ச. இராமதாசும் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். அவ்வாண்டின் நடுவிலிருந்து ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் அவர்களின் விருப்பத்தைக் கேட்டறிய அனுமதிக்கப்பட்டது. அந்நாட்களில் ஒரு படிவத்தில் கையெழுத்திடுவதும் இடாது நிற்பதும் முகாம் மக்களின் வாக்குப்பதிவாகவே அமைந்தன.

இங்கே ஒரு முரண்பாட்டைச் சுட்டாமல் இருத்தல் இயலாது. 1983 முதல் ஈழச் சிக்கல் தமிழகத் தேர்தல் மேடைகளில் ஓங்கி ஒலித்த பொருள்களுள் ஒன்று. அவ்வாண்டு ஆகஸ்டில் மு. கருணாநிதியும் க. அன்பழகனும் அதன்பொருட்டுச் சட்டமன்ற உறுப்பினர் பதவியைத் துறந்தனர். 1985இல் டெசோ அமைப்பு உருவாயிற்று. போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் தேர்தலிலும் அதுவே பேசப்பட்டது. ஈழத்தமிழர்க்காக வாக்குக் கேட்ட கட்சிகள் பல. தமிழகத்தில் வாழ்ந்த ஈழத்தமிழரிடம் வாக்குக் கேட்க எக்கட்சிக்கும் வாய்ப்பில்லை. பேசப்படும் பொருளாக இருப்பதும் பேசுவோராக இருப்பதும் வேறு வேறு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

மூன்று அரசுகள்

நாம் அரசு என்று ஒருமையில் சொல்வதை முகாமில் வாழ்பவர் மூன்றாகக் காண்கின்றனர்.

முதலாவது, கொடுக்கும் அரசு. தமிழக அரசு மாதந்தோறும் உதவித்தொகையும் குறைந்த விலையில் அரிசியும் வழங்கிவருகின்றது. 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் ரூ.317.40 கோடியில் நலத்திட்டங்களை அறிவித்தபோது, குடும்பத் தலைவர்க்கான தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. பழுதடைந்த 7,469 வீடுகளுக்கு மாற்றாகப் புதிய வீடுகள் கட்டித்தர முடிவாயிற்று. 'அகதிகள் முகாம்' என்பது 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றப்பட்டதும் அப்போதுதான். சொல்லுக்கு வலிமை உண்டு என்பதை இலக்கிய வட்டத்தினராகிய நாம் அறிவோம். பெயர் மாற்றம் சிறுமையைத் துடைத்தது. சட்ட நிலையை அது மாற்றவில்லை.

அதே அரசே கண்காணிக்கவும் செய்கின்றது. உதவித்தொகை வழங்கும் நாளே தலை எண்ணும் நாளாகவும் அமைகின்றது. வருவாய்த் துறையினர் கொடுக்க, கியூ பிரிவுக் காவலர் பார்த்திருக்க, ஒரே பதிவேட்டில் இரண்டும் நிகழ்கின்றன. நம் உப்பளக் கரையின் முன்னோர்க்கு இது முற்றிலும் புதிய காட்சியன்று. உப்பு வரிக் காலத்தில் தம் கையால் வாரிய உப்பை அளந்து காவல் செய்த அதிகாரியின் வடிவிலேயே அவர்கள் ஆங்கில அரசைக் கண்டனர்.

இரண்டாவது, கதவடைத்த அரசு. குடியுரிமை வழங்குதல் நடுவண் அரசின் அதிகாரம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதி என்ற நிலையை வரையறுக்கும் தேசியச் சட்டமும் இல்லை. 2019இல் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளினின்று வந்த, குறித்த ஆறு சமயத்தார்க்கு வழி திறந்தது. இலங்கை அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

மூன்றாவது, விட்டு வந்த அரசு. துரத்திய நாட்டின் பிறப்புச் சான்றையும் குடியுரிமைச் சான்றையும் பெறச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தை நாடவேண்டிய நிலையில் முகாம் மக்கள் உள்ளனர். இலங்கை 1988, 2003 ஆகிய ஆண்டுகளில் இயற்றிய சட்டங்களால் மலையகத்தில் எஞ்சியிருந்தோர் குடியுரிமை பெற்றனர். அதே மக்கட் கூட்டத்திலிருந்து இந்தியாவுக்கு ஓடிவந்தவர்கள் அப்பயனை எளிதில் அடையவில்லை.

இம்மூன்று அரசுகளுள் எதனையும் அவர்கள் முற்றும் வெறுப்பதற்கில்லை, முற்றும் நம்புவதற்குமில்லை. சென்னை கொடுக்கும், தில்லி தீர்மானிக்கும், கொழும்பு சான்றளிக்கும் என்னும் பாகுபாட்டை எந்தப் பாடநூலும் கற்பிக்காமலே முகாமில் வளரும் பிள்ளை கற்றுக்கொள்கிறது.

ஒரு நாளின் வேறுபாடு

1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்வரை இந்தியாவில் பிறந்தோர், பெற்றோர் எந்நாட்டவராயினும், பிறப்பால் குடிமக்கள். அதற்குப் பின் பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாக இருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் நிபந்தனை மேலும் இறுகியது. முகாமில் ஒரு தாய்க்கு 1987 ஜூன் 30இல் பிறந்த குழந்தை இந்தியக் குடி. அடுத்த நாள் அண்டைக் குடிலில் பிறந்த குழந்தை அயல்நாட்டவர். முன்னவர்க்குரிய உரிமையும்கூடப் பல ஆண்டுகள் ஏட்டளவிலேயே கிடந்தது. 1986இல் முகாமில் பிறந்த ஒரு பெண் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குத் தொடுத்து, 2022இல் கடவுச்சீட்டுக்கு ஆணை பெற்று, 2024 ஏப்ரல் 19ஆம் நாள் மக்களவைத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழைக் கடந்திருந்தது.

அதற்கு முன்னர், மலையக வழித்தோன்றல்களான அறுபதுக்கும் மேற்பட்ட முகாமினர் தொடுத்த வழக்கில் 2019 ஜூன் 17ஆம் நாள் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் வழங்கிய தீர்ப்பு குறிப்பிடத்தக்கது. அம்மக்கள் இந்திய வம்சாவளியினர் என்பதை எடுத்துக்காட்டி, அவர்களை நெடுங்காலம் நாடற்ற நிலையில் வைத்திருப்பது வாழ்வுரிமைக்கு முரணானது என்று கருதி, அவர்தம் விண்ணப்பங்களை நடுவண் அரசு பரிசீலிக்குமாறு அது பணித்தது.

இந்தியா எப்போதும் இவ்வாறு கண்டிப்பாக நடந்துகொண்டதில்லை என்பதற்கு வரலாறு சான்று தருகின்றது. 1948இல், அரசமைப்பு முற்றுப்பெறும் முன்னரே, முதல் வாக்காளர் பட்டியல் தயாரிக்கும் பணி தொடங்கியது. பிரிவினையால் ஓடிவந்த அகதிகள் இங்கேயே நிலையாக வாழ எண்ணுவதாக உறுதிமொழி தந்தாலே பட்டியலில் பெயர் சேர்க்கலாம் என அறிவுறுத்தப்பட்டது. ஒர்னித் ஷானி என்னும் வரலாற்றாசிரியர் 2018இல் வெளியிட்ட நூல் இதனை விரித்துரைக்கின்றது. மேற்கு வங்கத்தில் குடியேறிய அகதிகள் 1950இல் ஐக்கிய மத்திய அகதிகள் மன்றத்தை அமைத்து, அம்மாநில அரசியலையே திசை திருப்பும் ஆற்றலாக வளர்ந்தனர். வாக்கு இருந்ததனால் அவர்தம் குடியேற்றங்களுக்குப் பட்டாவும் வந்தது.

தொலைவில் போகவேண்டுவதுமில்லை. கீழ்புத்துப்பட்டுக்குச் செல்லும் வழியில் நாம் கடக்கும் புதுச்சேரி மண்ணில், 1962 ஆகஸ்ட் 16ஆம் நாள் முதல் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவித்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள உடன்படிக்கை இடமளித்தது. அவ்வாறு தெரிவித்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் பிரான்சு நாட்டுத் தேர்தலில் புதுச்சேரியிலிருந்தே வாக்களிக்கின்றனர். அங்கே ஒரு கையெழுத்து, தலைமுறைகளுக்கு ஒரு நாட்டைத் தந்தது. சில கல் தொலைவில், எத்தனை கையெழுத்திட்டாலும் எந்நாடும் கிட்டாத மக்கள் வாழ்கின்றனர். அதே போல் இந்தியாவில் வாழும் திபெத்தியர் 1960 முதல் தமக்கென ஒரு பேரவையைத் தேர்ந்தெடுத்து வருகின்றனர். ஈழத்தமிழ் அகதிக்கு அதுவும் இல்லை.

மறுபக்கத்தையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். முகாம்களில் வாழ்வோர் அனைவரும் இந்தியக் குடியுரிமையை வேண்டுகின்றனர் எனல் பிழையாகும். 2009க்குப் பின் ஆயிரக்கணக்கானோர் தாமே விரும்பித் திரும்பினர். எல்லாரும் இங்கே தங்கிவிட்டால் இலங்கையில் தமிழரின் எண்ணிக்கையும் குரலும் குன்றும் என அஞ்சுவோரும் உண்டு. பாதுகாப்புக் குறித்து அரசு கொள்ளும் கவலையையும் 1991ஐக் கண்ட நாம் வெறும் சாக்கு என ஒதுக்கிவிட இயலாது. ஆயின் திரும்புவதா, தங்குவதா என்னும் தீர்மானம் அவர்களுடையதாக இருத்தல் வேண்டும். அந்நிலை வரும்வரை அவர்களை வெறும் உதவி பெறுவோராக நடத்துவது அறமாகாது.

முடிவுரை

2025 மே மாதம், இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கைக் கேட்ட உச்ச நீதிமன்ற அமர்வு, உலகெங்கிலுமிருந்து வருவோரைத் தங்கவைக்க இந்தியா ஒரு தர்மசாலை அன்று என்று வாய்மொழியாகக் குறிப்பிட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய குடியேற்றச் சட்டத்தையொட்டி, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்க்குக் கடவுச்சீட்டு, விசா இன்மைக்கான தண்டனையிலிருந்து நடுவண் அரசு விலக்களித்தது. விலக்கு நற்செயலே. தண்டிக்கப்படாமல் வாழலாம் என்பது ஓர் உறுதி. உரிமையோடு வாழலாம் என்பது வேறோர் உறுதி. அது இன்னும் வழங்கப்படவில்லை.

தர்மசாலை என்றாலும் சாவடி என்றாலும் பொருள் ஒன்றே. நாடு சாவடி ஆகாது என்னும் கூற்றை நாமும் ஏற்கலாம். ஆயின் நாற்பது ஆண்டுகள் ஒருவரைச் சாவடியிலேயே இருத்திவைத்தது யார் என்னும் வினாவும் அதனுடன் சேர்ந்தே எழும். வழிப்போக்கனுக்கு ஓரிரவுக் கூரை தருவது அறம். அவன் மகனையும் பேரனையும் வழிப்போக்கன் என்றே பதிவேட்டில் எழுதிவருவது அறமன்று. நம் ஊருக்குப் பெயர் தந்த சாவடி எந்நாளோ மறைந்துவிட்டது. அதனைச் சுற்றி ஊர் எழுந்து, ஊரார் குடிகளாகி, குடிகள் வாக்காளராகினர். கீழ்புத்துப்பட்டில் பிறந்த பிள்ளைக்கும் அவ்வரிசை ஒரு நாள் வாய்க்குமாயின், அதுவே அங்கு நடைபெறும் மெய்யான மறுவாழ்வாகும்.